சம்ப்பைத் திறக்காமல் எழுதிய காரணம்

பழைய காருக்கு எஞ்சின் ஃபிளஷ் போடலாமா என்று கேட்டு வருகிறவர் கையில் டப்பா ஏற்கெனவே இருக்கும். ஒர்க்‌ஷாப்பில் சேர்ந்து சில மாதங்களே ஆன உங்களுக்கும் இது இந்நேரம் தெரிந்திருக்கும். போனில் ஒரு வீடியோ பார்த்திருப்பார். தார் மாதிரி ஆயில் வடிவதையும் அதன் பிறகு உள்ளே எல்லாம் மின்னுவதையும் காட்டியிருப்பார்கள். அவருக்கு வேண்டியது நம்முடைய சம்மதம் மட்டும்தான்.

நான் முப்பத்து மூன்று வருஷம் இந்த வேலையில் இருந்தேன். கடைசிப் பதினைந்து வருஷம், ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போகும் ரோட்டில் ஒரு தனியார் ஒர்க்‌ஷாப்பில் தலைமை மெக்கானிக். அந்தக் கேள்விக்கு நான் எப்போதும் சொன்ன பதில், "வேண்டாம்." இன்றைக்கும் பெரும்பாலும் அதையே சொல்வேன். ஆனால் அன்றைக்கு நான் சொன்ன காரணம் வேறு, இன்றைக்குச் சொல்லும் காரணம் வேறு. இரண்டுக்கும் நடுவில் ஒரு வாரம் இருக்கிறது. அந்த வாரத்தில் ஒரு நல்ல மெக்கானிக்கின் வேலை போக இருந்தது. போக வைத்தவன் நான்.

அவன் பெயர் கருப்பசாமி. அப்போது அவனுக்கு முப்பத்தெட்டு வயது. எங்களிடம் சேர்ந்து பதினோரு வருஷம் ஆகியிருந்தது. அதிகம் பேச மாட்டான். எஞ்சின் சத்தத்தைக் கேட்டால் கண்ணை மூடிக்கொள்வான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் பஷீர் பாய் வந்தார். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா எடுத்துத் தென்காசி வரைக்கும் உள்ள கடைகளில் போடுகிறவர். அவருடைய டீசல் காருக்குப் பதினாறு வயது. அவர் மூன்றாவது கை. முதல் இரண்டு பேரும் எப்போது ஆயில் மாற்றினார்கள், மாற்றினார்களா என்பதே யாருக்கும் தெரியாது. எஞ்சின் தலையை மூடும் டாப் கவர் ஓரத்தில் ஆயில் கசிவு, காலையில் ஸ்டார்ட் பண்ணினால் வால்வுப் பக்கம் டக் டக்கென்று டப்பட் சத்தம், இரண்டும்தான் புகார். மூன்றாவதாக ஒரு ஃபிளஷ் டப்பாவைச் சீட்டிலிருந்து எடுத்தார்.

"மேஸ்திரி, இதை ஊத்திட்டு ஆயில மாத்திருங்க. உள்ளுக்குள்ள குளிச்ச மாதிரி ஆயிரும்னு போட்டிருக்கான்."

"பாய், பதினாறு வயசு வண்டி. உள்ள என்ன இருக்குன்னு உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. குளிப்பாட்டப் போயி ஜன்னி வந்துரும்."

"உங்க வாயில நல்ல வார்த்தையே வராதா மேஸ்திரி?"

ஃபிளஷ் என்பது பழைய ஆயிலோடு கலந்து, பத்து நிமிஷம் எஞ்சினைச் சும்மா ஓடவிட்டு, படிந்த அழுக்கைக் கரைத்து, ஆயிலோடு வடித்துவிடும் திரவம். எனக்கு அதன் மேல் இருந்த பயம் எல்லா மெக்கானிக்குகளுக்கும் உள்ளதுதான். வருஷக்கணக்காகப் படிந்த அழுக்கு முழுக்கக் கரையாமல் கட்டியாகப் பெயர்ந்து கீழே இறங்கும். எஞ்சினுக்கு அடியில் ஆயில் தேங்கி நிற்கும் தொட்டியைச் சம்ப் என்கிறோம். அதிலிருந்து ஆயிலை உறிஞ்சும் குழாயின் வாயில் ஸ்ட்ரெய்னர் என்று ஒரு சல்லடை இருக்கிறது. அது அடைபட்டால் எஞ்சினுக்கு ஆயில் ஏறாது. மிச்சத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

டாப் கவரைக் கழற்றியது நான். கழுவி, உள்பக்கத்தையும் எஞ்சின் தலைப்பகுதியையும் துடைத்து, புது கேஸ்கட் வைத்து மூடியதும் நான். டாப் கவரை மூடும் வேலையை நான் யாரிடமும் கொடுப்பதில்லை. மூடும் முன்னால் கருப்பசாமி எட்டிப் பார்த்தான்.

"அண்ணாச்சி, பழுப்புதான் படிஞ்சிருக்கு, கட்டி இல்ல. பாய் ஆசைப்படுதாரு. பத்து நிமிஷம் ஓடவிட்டு வடிச்சா ஒண்ணும் ஆகாது."

"மேல பாத்துட்டுக் கீழ உள்ளதைச் சொல்லுதியாக்கும்?"

அந்த நேரத்தில் மம்சாபுரம் விலக்கில் ஒரு வண்டி நின்றுவிட்டதாகப் போன் வந்தது. கிளம்பிப் போகும்போது கருப்பசாமியிடம், "வந்து பேசிக்கிடுவோம்" என்றேன். ஊற்றாதே என்று சொல்லவில்லை. திரும்பி வருவதற்குள் பாய் அவனை நச்சரித்திருக்கிறார். அவன் ஊற்றி, டப்பாவில் போட்டிருந்த நேரத்துக்கு மேல் ஒரு நிமிஷம்கூட ஓடவிடாமல் வடித்து, புது ஃபில்டரும் புது ஆயிலும் போட்டு வைத்திருந்தான். டப்பட் சத்தம் குறைந்திருந்தது. எனக்கு உள்ளே எரிந்தது. பாய் சந்தோஷமாகப் போனார்.

திங்கட்கிழமை மதியம் அந்தக் கார் கயிற்றில் கட்டி இழுத்து வரப்பட்டது. தென்காசியிலிருந்து திரும்பும்போது ராஜபாளையத்துக்கு முன்னால் ஆயில் லைட் மினுக்கியிருக்கிறது. புது ஆயில்தானே, லைட்டில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்து பாய் மூன்று கிலோமீட்டர் ஓட்டியிருக்கிறார். அதன் பிறகு எஞ்சினுக்குள் சுத்தியல் அடிப்பது போலச் சத்தம். பேரிங் போய்விட்டது. அதில் சுழலும் கிராங்க் தண்டிலும் கோடு விழுந்திருக்கும் என்று சத்தத்திலேயே தெரிந்தது.

முதலாளி வெளியே வந்தார். எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். நான் சொன்னேன்: "அன்னைக்கே சொன்னேன்ல? பழைய வண்டிக்கு ஃபிளஷ் போட்டா இதான்."

ஒவ்வொரு வண்டிக்கும் செய்த வேலையை எழுதி வைக்கும் ஜாப் கார்டில் 'காரணம்' என்று ஒரு கட்டம் உண்டு. அதில் எழுதினேன்: "ஃபிளஷ் ஊற்றியதால் அழுக்குப் பெயர்ந்து ஆயில் வழி அடைத்தது. ஊற்றியது கருப்பசாமி." காரை அப்போது ஜாக்கியில்கூடத் தூக்கவில்லை. சம்ப்பில் ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. கையெழுத்துப் போட்டேன்.

முதலாளி கார்டை வாங்கிப் படித்தார். "சனிக்கிழமையோட நின்னுக்கோ" என்றார் கருப்பசாமியிடம்.

இதற்கு என்ன அர்த்தம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். நம் ஊரிலும் ஸ்ரீவில்லிபுத்தூரிலும் மெக்கானிக்கை வேலைக்கு எடுப்பவர்கள் சான்றிதழ் கேட்பதில்லை. முந்தி இருந்த இடத்துக்கு ஒரு போன் போடுவார்கள். "ஏன் நின்னான்?" என்று கேட்பார்கள். பதில் ஒரு வரிதான். நான் எழுதிய வரி, அவனுக்கு எஞ்சியிருக்கும் காலம் முழுக்க அவனுடைய பெயராகிவிடும். அதை எழுதும்போது எனக்கு இது தெரியாமல் இல்லை.

மறுநாள் சம்ப்பைக் கழற்றினோம். கழற்றியவன் கருப்பசாமியேதான். போகிறவன் எதற்குச் செய்கிறான் என்று மற்றவர்கள் பார்த்தார்கள். ஸ்ட்ரெய்னரை என் கையில் கொடுத்தான். சல்லடை முழுவதும் அடைத்திருந்தது. நான் நினைத்தபடியே இருக்கிறது என்று ஒரு திருப்தி வந்ததை மறைக்க மாட்டேன்.

"அண்ணாச்சி, அழுக்குன்னா விரல்ல வழுக்கும்" என்றான். "இது உரியுது."

நகத்தால் ஓரத்தை நெம்பினான். சாம்பல் நிறத்தில், கம்பளித் துண்டு மாதிரி, ஒரே வில்லையாகக் கழன்று வந்தது.

"அழுக்கு எறுகினா அப்படித்தான் வரும்" என்றேன். முப்பது வருஷத்தில் ஒரு தடவைகூட அழுக்கு அப்படி வந்து நான் பார்த்ததில்லை.

அவன் அந்த வில்லையை ஒரு காகிதத்தில் வைத்துப் பெஞ்சின் மேல் பத்திரப்படுத்தினான்.

புதன்கிழமை மதியம் அவன் மனைவி லட்சுமி வந்தாள். பேண்டேஜ் துணி சுருட்டி வெட்டும் ஒரு கம்பெனியில் வேலை. ஷிஃப்ட் முடிந்து நேராக வந்திருந்தாள். தலையில் வெள்ளைப் பொடிநூல் ஒட்டியிருந்தது.

"எங்க அண்ணாச்சி அந்தக் காரு? எங்க வீட்டுக்காரரு கெடுத்த காரு எதுன்னு பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்."

"ஏட்டி, இங்க எதுக்கு வந்த? வீட்டுக்குப் போ" என்றான் கருப்பசாமி.

"நீங்க சும்மா இருங்க. பேசுத எடத்துல பேசாம, வீட்டுல வந்து மோட்டுவளையப் பாத்துக் கெடந்தா ஆச்சா?"

நான் அவளிடம் ஃபிளஷ், அழுக்கு, ஸ்ட்ரெய்னர் என்று விளக்க ஆரம்பித்தேன். பெஞ்சில் இருந்த வில்லையைக் காட்டினேன். அவள் அதை எடுத்துப் பிய்த்தாள். பிறகு ஓரத்திலிருந்து மெதுவாக ஒன்றை இழுத்தாள். ஒரு விரல் நீளத்துக்கு முறுக்கேறிய நூல் வந்தது.

"அண்ணாச்சி, இது அழுக்கு இல்ல. துணி."

சுற்றுமுற்றும் பார்த்தாள். சுவர் ஓரத்தில் துடைக்கிற துணி போட்டு வைக்கும் டிரம் இருந்தது. போய் ஒன்றை உருவி வெயிலில் பிடித்தாள்.

"இது யாரு கொண்டாந்தது?"

"நான்தான்."

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். மற்ற ஊர்களில் ஒர்க்‌ஷாப்பில் கை துடைக்கப் பனியன் துணி வாங்குவார்கள். நம் ஊரில் மில்லும் தறியும் எதைக் கழிக்கிறதோ அதுதான் நமக்குத் துணி. மில்லில் கழித்த பஞ்சில் கை துடைத்துத்தான் நாமெல்லாம் தொழில் கற்றோம். பாயின் கார் வருவதற்கு இரண்டு மாதம் முந்தி, தெரிந்த ஒருவர் மூலமாகப் பேண்டேஜ் துணியில் கழிந்தது ஒரு பொதி கிடைத்தது. வெள்ளையாக, மெத்தென்று இருந்தது. அழுக்கு எங்கே இருக்கிறது என்று அதில் பளிச்சென்று தெரியும். ஆஸ்பத்திரித் துணியில் எஞ்சினைத் துடைக்கிறோம் என்று நானே பெருமை அடித்துக்கொண்டிருந்தேன்.

"இதையா எஞ்சினுக்குள்ள விட்டுத் தொடச்சீங்க?" என்றாள் லட்சுமி. "புண்ணுல வச்சுக் கட்டும்போதே வெட்டுன ஓரத்தை உள்ள மடிச்சுத்தான் வைப்பாவ, நூலு புண்ணுக்குள்ள போயிரும்னு. கை பட்டாலே உதிரும். இரும்புல போட்டுத் தேச்சா என்ன ஆகும்?"

முதலாளி தன் அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "பொண்டாட்டி புருஷனுக்குப் பரிஞ்சு பேசத்தான் செய்வா" என்றார்.

"அப்ப ஒரு சட்டியில தண்ணி கொண்டாரச் சொல்லுங்க முதலாளி. தண்ணி யாருக்கும் பொண்டாட்டி இல்ல."

அந்த வில்லையில் ஒரு பாதியைப் பெட்ரோலில் நாலு தடவை அலசினாள். சோப்புத் தண்ணீரில் கசக்கினாள். பானட் மேல் வெயிலில் காயப் போட்டாள். காயும் வரைக்கும் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். காய்ந்ததும் அது வெள்ளையாக இருந்தது. பிறகு எங்கள் பழைய மூட்டையிலிருந்து மில் பஞ்சில் ஒரு சிட்டிகை எடுத்தாள். இரண்டையும் சட்டித் தண்ணீரில் போட்டாள். மில் பஞ்சு மிதந்தது. மற்றது செத்த நேரத்தில் தண்ணீரைக் குடித்து அடியில் போய்ப் படுத்தது.

"மில்லுல வார பஞ்சுல மெழுகு இருக்கும், அது மெதக்கும். வெளுத்து எடுத்தது முங்கணும். எங்க கம்பெனியில தெனமும் இப்படித்தான் போட்டுப் பாப்போம். முங்கலன்னா சரக்கு திரும்பி வந்துரும்."

முதலாளி நியாயமான ஒரு கேள்வி கேட்டார். "சரி, நூலுதான். ஆனா ஃபிளஷ் ஊத்தினதாலதான அம்புட்டும் கீழ எறங்கிச்சு? ஊத்தலன்னா மேலயே கெடந்திருக்கும்லா? அப்பவும் ஊத்தினவன் பேருல தப்பு இருக்கே."

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியவில்லை என்றால் அதைக் கண்டுபிடிக்க வழி உண்டா என்று பார்க்க வேண்டும். அன்று நான் சரியாகச் செய்த ஒரே காரியம் அதுதான். அந்தத் துணிப் பொதி வந்த நாளிலிருந்து எல்லா ஜாப் கார்டையும் எடுத்தேன். டாப் கவர் கழற்றிய வண்டிகள் ஆறு. ஆறிலும் துடைத்தது நான். பஷீர் பாய் காரைத் தவிர மற்ற ஐந்தில் ஃபிளஷ் ஊற்றவில்லை. அந்த ஐந்து சம்ப்பையும் திறந்தால் தெரிந்துவிடும். ஸ்ட்ரெய்னரில் நூல் இருந்தால், ஃபிளஷ் இல்லாமலே அது இறங்குகிறது என்று அர்த்தம். இல்லாவிட்டால் முதலாளி சொன்னதுதான் சரி.

"அஞ்சு பேருக்கும் போன் போட்டு உங்க எஞ்சினைக் கெடுத்துட்டோம்னு சொல்லப் போறியா?" என்றார் முதலாளி. "கடைய இழுத்துச் சாத்தச் சொல்லுதியா?"

"நாம கூப்பிடலன்னா அவிங்களே வருவாங்க முதலாளி, பஷீர் பாய் மாதிரி. கயித்துல கட்டி இழுத்துக்கிட்டு."

தன் வீட்டு மொழியான தெலுங்கில் ஏதோ முணுமுணுத்தார். "சனிக்கிழமை வரைக்கும்தான்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

முதல் போனில், "சும்மா ஒரு செக்கப், வண்டியைக் கொண்டு வாங்க" என்றேன். எதிர்ப்பக்கத்தில் இருந்தவர், "போன மாசம்தானே பார்த்தீங்க, இப்ப என்ன செக்கப்?" என்றார். கருப்பசாமி பக்கத்தில் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்க்கவில்லை. நான் மறுபடி சொன்னேன்: "நான் துடைச்ச துணியில நூல் உதிர்ந்திருக்கலாம்னு சந்தேகம். சம்ப்பைத் திறந்து பார்க்கணும். தப்பு என்னோடது, உங்களுக்குச் செலவு கிடையாது." மற்ற நாலு பேருக்கும் இதே வாக்கியம்தான். இரண்டாவது தடவை சொல்லும்போது முதல் தடவையைவிடச் சுலபமாக இருந்தது என்று எழுத ஆசை. இருக்கவில்லை.

இரண்டு வண்டிகள் வெளியூரில் இருந்தன. அடுத்த வாரம்தான் வரும். இரண்டு வண்டிகள் வியாழக்கிழமை வந்தன. முதல் வண்டியில் ஒன்றும் இல்லை. ஸ்ட்ரெய்னர் பால் வடிகட்டி மாதிரி சுத்தமாக இருந்தது. இரண்டாவதில் மூன்று நூல்.

"மூணு நூலு என் சட்டையிலகூட இருக்கு" என்றார் முதலாளி.

மீதி ஒன்று, சுந்தரபாண்டியத்தில் இருக்கும் ஒரு டீச்சருடைய கார். பன்னிரண்டு வருஷ வண்டி. போனிலேயே முடியாது என்றுவிட்டார். ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு கொடைக்கானல் போகிறார்களாம். நல்லா ஓடுகிற வண்டியை எதற்குத் திறக்க வேண்டும் என்று கேட்டார்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடம் விடும் நேரத்துக்கு நானும் கருப்பசாமியும் பைக்கில் போனோம். ஜாக்கி, ஸ்டாண்டு, சம்ப்புக்கு ஒட்டும் பசை, ஒரு கேன் புது ஆயில் எல்லாம் கொண்டுபோனோம். நூல் இருந்தால் அவன் தப்பிப்பான், நான் மாட்டுவேன். இல்லாவிட்டால் நான் எழுதிய வரி அப்படியே நிற்கும். எது நடக்க வேண்டும் என்று நான் விரும்பினேன் என்பதை அந்தப் பைக்கில் உட்கார்ந்து என்னிடமே கேட்டுக்கொண்டேன். பதில் எனக்குப் பிடிக்கவில்லை. அதனால் வண்டியை வேகமாக ஓட்டினேன்.

டீச்சர் வாசலில் நின்றார். "ஓடுத வண்டியத் தொறக்கணும்னு வீடு தேடி வார மெக்கானிக்க இப்பத்தான் பாக்கேன்."

"தொறந்து ஒண்ணும் இல்லன்னா அப்படியே மூடிட்டுப் போயிருவோம் டீச்சர். புது ஆயிலும் கொண்டாந்திருக்கோம்."

"இருந்தா?"

"இருந்தா நீங்க கொடைக்கானலுக்குப் போயிட்டுத் திரும்பி வருவீங்க."

சாவியைக் கொடுத்தார். கருப்பசாமி அடியில் போனான். ஆயில் வடிந்தது. போல்ட்டுகள் ஒவ்வொன்றாகத் தட்டில் விழுந்தன. சம்ப் கழன்ற பிறகும் அவன் வெளியே வரவில்லை.

"ஏலே, என்ன?"

"நீங்களே வந்து பாருங்க அண்ணாச்சி. நான் சொன்னா நம்ப மாட்டாவ."

படுத்து நகர்ந்து உள்ளே போனேன். டார்ச் வெளிச்சத்தில் ஸ்ட்ரெய்னர் தெரிந்தது. பாதிச் சல்லடையை அதே சாம்பல் நிறக் கம்பளி மூடியிருந்தது. அந்த எஞ்சினில் ஒரு சொட்டு ஃபிளஷ் போனதில்லை. மலை ரோட்டில் ஏறும்போது ஆயில் சூடாகி இளகும். மீதிப் பாதியும் அடைபடும் இடம் எங்கே வந்திருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்த்தேன். நல்ல இடம் எதுவும் வரவில்லை.

டீச்சர் சேலையைச் சொருகிக்கொண்டு குனிந்து பார்த்தார். நான் வில்லையைக் கையில் கொடுத்தேன். "இது உங்க துணியா?" என்றார். ஆமாம் என்றேன். "எழுதிக் கொடுங்க" என்றார். அங்கேயே ஒரு நோட்டுத் தாளில் எழுதி, தேதி போட்டுக் கையெழுத்துப் போட்டேன். முதலாளியிடம் காட்ட, சாட்சியாக அவரும் ஒன்று எழுதித் தரவேண்டும் என்று நான் கேட்டபோது, ஏன் என்றுகூடக் கேட்காமல், பார்த்ததை இன்னொரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.

இங்கே நிறுத்தி, ஃபிளஷ் விஷயத்தில் நான் வந்து நிற்கும் முடிவைச் சொல்லிவிடுகிறேன். ஒழுங்காக ஆயில் மாற்றிய வண்டிக்கு ஃபிளஷ் தேவையில்லை. எப்படி ஓடியது என்றே தெரியாத பழைய வண்டிக்கு, சம்ப்பைக் கழற்றிப் பார்க்காமல் ஊற்றவே கூடாது. கழற்றிவிட்டால் கையாலேயே பாதி சுத்தம் பண்ணிவிடலாம். பிறகு சாதாரண ஆயிலைப் போட்டு, வழக்கத்தில் பாதி தூரம் ஓடியதும் மாற்றி, அடுத்ததையும் அப்படியே மாற்றினால், மீதி அழுக்கு அவசரப்படாமல் வெளியே வரும். இதையெல்லாம் பார்த்த பிறகும் டப்பட்டோ பிஸ்டன் ரிங்கோ ஒட்டிக்கொண்டிருப்பதாகத் தோன்றினால் ஊற்றுங்கள், நேரத்தைப் பார்த்து ஊற்றுங்கள், முடிவை எடுப்பவர் பக்கத்தில் நின்று ஊற்றுங்கள். சம்ப்பைக் கழற்ற அரை நாள் ஆகும் என்பீர்கள். ஆகும். அரை நாள் இல்லை என்கிற வண்டிக்காரரிடம் டப்பாவைத் திருப்பிக் கொடுங்கள். கோபித்துக்கொண்டு போனால் போகட்டும். வேறு ஒர்க்‌ஷாப்பில் ஊற்றுவார் என்றால் ஊற்றட்டும். நம் கையால் வேண்டாம்.

என்னுடைய பழைய பயம் பொய்யில்லை. ஃபிளஷ்ஷால் போன எஞ்சின்களும் உண்டு. ஆனால் அந்தப் பயம் கையில் தயாராக இருந்ததால்தான், கார் வந்து நின்றதுமே எடுத்து எழுதிவிட்டேன். 'காரணம்' என்ற கட்டத்தைக் கடைசியில் நிரப்புங்கள். நிரப்பும் முன்னால், அந்த எஞ்சினில் உங்கள் கை எங்கெல்லாம் பட்டது என்பதை முதலில் எண்ணுங்கள்.

சனிக்கிழமை காலையில் கருப்பசாமி வேலைக்கு வரவில்லை. வெள்ளிக்கிழமை சுந்தரபாண்டியத்திலிருந்து திரும்பும்போதே சொல்லிவிட்டான்: "நாளைக்கு நான் வரல அண்ணாச்சி. நிக்கச் சொன்ன நாளு. கூப்பிட்டா வாரேன்."

முதலாளி மேஜையில் இரண்டு வில்லைகளையும் டீச்சர் கொடுத்த தாளையும் வைத்தேன். பஷீர் பாயையும் வரச் சொல்லியிருந்தேன். பழைய வரியைக் குறுக்கே அடித்தேன். அடித்தது படிக்கிற மாதிரி இருக்கட்டும் என்று ஒரே கோடுதான் போட்டேன். கீழே எழுதினேன்: "டாப் கவர் துடைத்த பேண்டேஜ் துணியின் நூல் உதிர்ந்து ஸ்ட்ரெய்னரை அடைத்தது. துணி வாங்கியதும் துடைத்ததும் நான். ஃபிளஷ் அந்த நூலைச் சீக்கிரம் கீழே இறக்கியது, ஊற்றாவிட்டாலும் இறங்கியிருக்கும். சம்ப்பைத் திறக்காமல் நான் முதலில் எழுதிய காரணம் தவறு."

பாய் கார்டை இரண்டு தடவை படித்தார்.

"அப்ப என் டப்பா மேல தப்பில்லைங்கீங்க."

"கொஞ்சம் உண்டு பாய். லைட்டு எரிஞ்ச பொறவும் மூணு கிலோமீட்டர் ஓட்டினதுல கொஞ்சம் உண்டு."

"அதை எழுதலையே?"

"எழுதல."

"எழுதுங்க மேஸ்திரி. எல்லாரும் எழுதிக்கிட்டு இருக்கும்போது என்னை மட்டும் எதுக்கு விடுதீங்க?"

எழுதினேன். எஞ்சினை ஒர்க்‌ஷாப் சரி பண்ணித் தரும், அதற்கான வேலையை நான் என் ஞாயிற்றுக்கிழமைகளில் செய்வேன் என்று முடிவானது. முதலாளி வில்லைகளை விரலால் தள்ளினார். "அவனை வரச் சொல்லு" என்றார்.

"நீங்க ஒரு போன் போட்டுச் சொன்னா நல்லா இருக்கும் முதலாளி."

"போகச் சொன்னது நான். போக வச்சது நீ. நீயே போ."

அவர் சொன்னது சரி. கார்டை ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டு போனேன்.

கருப்பசாமி வீட்டு வாசலில் பைக் செயினுக்குக் கிரீஸ் வைத்துக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்தும் எழுந்திருக்கவில்லை. லட்சுமி உள்ளேயிருந்து வந்தாள்.

"வாங்க அண்ணாச்சி. வாயால சொல்ல வந்தீங்களா, எழுதிக் கொண்டாந்தீங்களா?"

தாளைக் கொடுத்தேன். அவள் நின்றபடியே சத்தமாகப் படித்தாள். எதிர்வீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார். 'துடைத்ததும் நான்' என்ற இடத்தில் நிறுத்தி என் முகத்தைப் பார்த்தாள். 'தவறு' என்பதையும் அதன் கீழே பாய் எழுதச் சொன்ன வரியையும் படித்து முடித்து, கீழே கையெழுத்து இருக்கிறதா என்று பார்த்து, மடித்துப் புருஷனிடம் நீட்டினாள். அவன் கிரீஸ் கையோடு அதை வாங்கவில்லை.

"அஞ்சு நாளு அண்ணாச்சி" என்றான். "பதினோரு வருஷமா என் வேலையப் பாத்திருக்கீங்க. ஒரு வார்த்த, ஏலே என்ன நடந்துச்சுன்னு கேட்டிருக்கலாம்லா?"

"கேட்டிருக்கணும்."

அவன் பரவாயில்லை என்று சொல்லவில்லை. இன்றுவரைக்கும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயமும் அவனுக்குக் கிடையாது.

செயினை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தான். பிறகு, "டீச்சர் வண்டியில போல்ட்டு எல்லாம் நாளைக்குக் கெளம்புறதுக்கு முன்னால ஒரு தடவ இறுக்கிப் பாக்கணும். புதுப் பசை" என்றான்.

"இன்னைக்கே பாத்திருவோம்."

எழுந்து குழாயடியில் கை கழுவினான். "வேலைச் சட்டைய எடு" என்றான் லட்சுமியிடம்.

"இனிமே எதுக்கு, மடிச்சு வச்சிருவோம்னு இப்பத்தான் தொவச்சுப் போட்டேன். ஈரம் சொட்டுது."

"சொட்டட்டும். கொண்டா."